செட்டப் கோப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

வாலாஜாபாத்துக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் செங்கல்பட்டு. தெற்கே பாலாறு, வடகிழக்கே ஒரகடம் தொழிற்சாலைகள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊரைச் சுற்றி அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். இப்படிப்பட்ட ஊரில் கணினி எங்கே இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில், இ-சேவை மையத்தில், கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் டிடிபி கடையில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவரின் மேசையில். கையில் போன் இல்லாத வீடு இல்லை. ஆனால் கணினி வேலை என்றால் எல்லோரும் அந்த நாலைந்து கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கடைக் கணினி ஒன்றின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நெசவாளர் ஒருவரின் ஓய்வூதிய விண்ணப்பம், கல்லூரி மாணவியின் மதிப்பெண் பட்டியல், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜிப் கோப்பு, மூன்று வருடத்துக்கு முன் இறக்கிய பிரிண்டர் டிரைவர், கைரேகைக் கருவிக்கான செட்டப், தமிழ் எழுத்துரு மென்பொருள், பெயரே புரியாத இன்னும் நூறு கோப்புகள். வருகிற எல்லாமே அங்கேதான் இறங்குகிறது. பழைய வீட்டுத் திண்ணை மாதிரி. யார் வந்து உட்கார்ந்தார்கள், யார் எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் புது டிரைவரை இறக்குகிறார். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்குகிறார். அசல் கோப்பு. அதை அந்தத் திண்ணையில் வைத்தே இரண்டு முறை தட்டுகிறார். திரை ஒரு நொடி இருண்டு, “இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?” என்று விண்டோஸ் கேட்கிறது. ‘யெஸ்’ கொடுக்கிறார்.

அவர் தவறு எதுவும் செய்யவில்லை. நல்ல தளம், நல்ல கோப்பு. இருந்தும் கணினி கைவிட்டுப் போக அந்த ஒரு ‘யெஸ்’ போதுமானதாக இருக்கலாம். காரணம், அந்தச் செட்டப் கோப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு கோப்பு.

சரிகை எங்கிருந்து வந்தது?

விண்டோஸ் மென்பொருள் எதுவும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஜன்னலுக்கு அழகு கொடுக்க ஒரு துணைக் கோப்பு, பதிப்பு எண்ணைப் பார்க்க ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என்று துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்ளும். இந்தத் துணைக் கோப்புகளுக்கு டிஎல்எல் என்று பெயர். பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் வேலைக்காரர்கள் இவை. கூப்பிடும்போது முகவரி சொல்லிக் கூப்பிட்டால் சிக்கல் இல்லை. பெரும்பாலான மென்பொருள்கள் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றன: “வெர்ஷன்.டிஎல்எல், வா.”

விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடிப் போகிறது. ‘கெர்னல்32’ போன்ற சில அடிப்படைக் கோப்புகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் உண்டு. அவற்றை எப்போதும் ‘சிஸ்டம்32’ என்ற தன் சொந்த அறையிலிருந்துதான் எடுக்கும். பட்டியலில் இல்லாத பெயர் என்றால், முதலில் தேடும் இடம் மென்பொருள் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த ஃபோல்டர். அங்கே இல்லை என்றால்தான் சிஸ்டம்32. வெர்ஷன்.டிஎல்எல் அந்தத் தனிப் பட்டியலில் இல்லை. இன்னும் பல பெயர்களும் இல்லை.

இந்த ஒழுங்கு முட்டாள்தனமாக உருவானதல்ல. ஒரு மென்பொருள் கொண்டுவரும் டிஎல்எல் இன்னொரு மென்பொருளின் டிஎல்எல்லை அழித்து, இரண்டும் படுத்துக்கொள்ளும் தொல்லை 1990களில் பெரிதாக இருந்தது. ‘அவரவர் சாமான் அவரவர் வீட்டில்’ என்று வைத்தால் சண்டை இல்லை. நிறுவி முடித்த மென்பொருளுக்கு அது சரியும்கூட. அது இருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் நிர்வாகி அனுமதி இல்லாமல் யாரும் எதையும் வைக்க முடியாது.

செட்டப் கோப்பின் கதை வேறு. அதற்குச் சொந்த வீடு கிடையாது. அது ஓடுவது திண்ணையில். அதன் ‘சொந்த ஃபோல்டர்’ என்பது ஊரார் எல்லாம் வந்து போகும் டவுன்லோட்ஸ். அங்கே வெர்ஷன்.டிஎல்எல் என்ற பெயரில் எவனோ ஒரு கோப்பைப் போட்டு வைத்திருந்தால், செட்டப் அதைத்தான் முதலில் கூப்பிடும். உள்ளே சேர்த்துக்கொள்ளும். தன் அதிகாரத்தையும் அதற்குக் கொடுக்கும். செட்டப்புக்கு நாம் கொடுத்தது நிர்வாகி அதிகாரம். ‘யெஸ்’ சொன்ன அந்த நொடியில் திருட்டு டிஎல்எல்லும் நிர்வாகி ஆகிவிட்டது. இனி அது சேமித்த கடவுச்சொற்களை எடுக்கலாம், ஆன்டிவைரஸை முடக்கலாம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கலாம்.

காஞ்சிப் பட்டு விற்பவருக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். புடவையில் சில்க் மார்க் முத்திரை அசல், பட்டு அசல். நெய்யும்போது பக்கத்தில் கிடந்த சரிகை போலி. முத்திரை பட்டைப் பற்றித்தான் பேசும். சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று அது சொல்லாது. செட்டப் கோப்பில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான். ‘இந்தக் கோப்பு இன்ன கம்பெனியுடையது, நடுவில் யாரும் மாற்றவில்லை’ என்று அது சொல்வது உண்மை. அந்தக் கோப்பு ஓடும்போது பக்கத்திலிருந்து யாரைக் கூட்டிக்கொள்கிறது என்பதற்கு அந்தக் கையொப்பம் பொறுப்பல்ல. “அனுமதிக்கலாமா?” என்று கேட்கும் ஜன்னலில் தெரிவதும் அசல் கம்பெனியின் பெயரே. அதனால்தான் இந்தத் தாக்குதலை ஆங்கிலத்தில் ‘ஹைஜாக்கிங்’ என்கிறார்கள். விமானம் அசல், விமானி அசல், உள்ளே ஏறியவன்தான் வேறு.

இருபத்தைந்து வருடப் பழைய ஓட்டை

இது நேற்று கண்டுபிடித்த விஷயமல்ல. பல்கேரிய ஆய்வாளர் ஜியோர்ஜி குனின்ஸ்கி 2000-ஆம் ஆண்டிலேயே, ஒரு ஃபோல்டரில் வேர்டு கோப்பையும் போலி டிஎல்எல்லையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று காட்டினார். 2004-இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தேடும் வரிசையை ஓரளவு திருத்தியது. ஆனால் ‘சொந்த ஃபோல்டரில் முதலில் தேடு’ என்ற விதி அப்படியே நின்றது.

2008-இல் நடந்தது நம் திண்ணைக் கதைக்கு மிக நெருக்கமானது. விண்டோஸில் ஓடிய ஆப்பிளின் சஃபாரி உலாவி, ஒரு தளம் அனுப்பும் கோப்பைப் பயனரைக் கேட்காமலே டெஸ்க்டாப்பில் இறக்கியது. இதை நிதேஷ் தஞ்சானி என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். கோப்பு இறங்கினால் என்ன, யாரும் அதைத் தட்டாதவரை ஆபத்தில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அவிவ் ராஃப் என்ற இன்னொருவர் அடுத்த படியைக் காட்டினார். டெஸ்க்டாப்பில் கிடக்கும் டிஎல்எல்லை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒருவர் கோப்பை வைக்கிறார், இன்னொருவர் எடுக்கிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சின்னப் பிழைகள், சேர்ந்தால் கணினி போச்சு. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை விட்டது. ஜூனில் ஆப்பிள் திருத்தியது.

2010 ஆகஸ்டில், நூற்றுக்கணக்கான மென்பொருள்களுக்கு இந்த நோய் இருப்பது வெளியே வந்தபோது மைக்ரோசாஃப்ட் மறுபடி ஒரு பொது எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அப்போதும் பேச்சு மென்பொருள்களைப் பற்றியே. செட்டப் கோப்புகளை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2015 இறுதியில் ஜெர்மனியின் ஸ்டெஃபான் கான்தாக் ஒவ்வொரு செட்டப்பாக எடுத்துச் சோதித்து, எழுதி எழுதி அனுப்பினார். ஃபயர்பாக்ஸ், 7-ஜிப், வெராகிரிப்ட், ஜாவா என்று நாம் நம்பி நிறுவுகிறவை எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. தனித்தனி கம்பெனிகள் தனித்தனியே செய்த தவறு என்றும் சொல்ல முடியாது. செட்டப் செய்து தரும் கருவிகளிலேயே ஓட்டை இருந்தது. ஒரு கருவியில் பிழை என்றால், அதைக் கொண்டு கட்டிய ஆயிரம் செட்டப்பிலும் அதே பிழை.

இதில் ஆரக்கிள் நிறுவனம் 2016 பிப்ரவரியில் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தம் வெளியிடும் வழக்கத்தை மீறி, ஜாவா செட்டப்புக்காகத் தனி எச்சரிக்கை விட்டது. ஜாவாவை ஏற்கெனவே நிறுவியவர்கள் அதைத் திரும்ப நிறுவ வேண்டாம், ஆபத்து நிறுவும் நேரத்தில் மட்டுமே. ஆனால் ‘பிறகு உதவும்’ என்று எடுத்து வைத்திருக்கும் பழைய செட்டப் கோப்புகளைத் தூக்கி எறியுங்கள், புதிதாக இறக்குங்கள் என்றது. நம் ஊர்க் கணக்காளர்கள் வருமான வரிப் படிவத்துக்கும் டிடிஎஸ் தாக்கலுக்கும் ஜாவா வேண்டும் என்று பென்டிரைவில் வருடக்கணக்கில் செட்டப்பைச் சுமந்தார்கள். அந்த எச்சரிக்கை எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

2025 ஜூனில்கூட, புரோகிராம் எழுதும் மாணவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் 8.8.1 பதிப்புச் செட்டப்பில் இதே குடும்பத்துப் பிழை. விண்டோஸின் ஒரு சின்னக் கருவியை முழு முகவரி சொல்லாமல் பெயரால் மட்டும் கூப்பிட்டது. அதே ஃபோல்டரில் அந்தப் பெயரில் போலி இருந்தால் அது ஓடிவிடும். 8.8.2 பதிப்பில் திருத்தினார்கள்.

காவல்காரன் வழியாகவே

இந்தியாவில் இதனால் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு, மும்பையைச் சேர்ந்த ஆன்டிவைரஸ் நிறுவனமான இ-ஸ்கேனின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவாஸ்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில் அது வெளியே வந்தது.

ஆன்டிவைரஸ் அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தப் புதுப்பிப்புப் பொட்டலம் மறையாக்கம் இல்லாத சாதாரண இணைப்பில் வந்தது. வழியில் நின்ற தாக்குதல்காரர்கள் அசல் பொட்டலத்தை எடுத்துவிட்டுத் தங்கள் பொட்டலத்தை வைத்தார்கள். கணினியில் இருந்த இ-ஸ்கேன் அதை நம்பிப் பிரித்தது. உள்ளே இருந்த கோப்பின் பெயர் என்ன தெரியுமா? வெர்ஷன்.டிஎல்எல். இ-ஸ்கேனின் அசல் மென்பொருள் ஓடும்போது, பக்கத்தில் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டது. ஆன்டிவைரஸுக்குக் கணினியில் எவ்வளவு அதிகாரம் உண்டோ, அவ்வளவும் அந்தக் கோப்புக்குப் போயிற்று.

‘குப்தி மைனர்’ என்று பெயரிடப்பட்ட இந்த நச்சு மென்பொருள் கணினிகளில் பின்கதவுகளைத் திறந்து வைத்தது. ஒரு பின்கதவு அதே நெட்வொர்க்கில் உள்ள பழைய விண்டோஸ் 7 கணினிகளைத் தேடியது. இன்னொன்று கிரிப்டோ பணப்பைகளையும் ரகசியச் சாவிகளையும் தேடியது. இவற்றோடு கணினியின் உழைப்பைத் திருடிக் கிரிப்டோ காசு தோண்டும் வேலையும் நடந்தது. வட கொரியாவின் கிம்சுகி ஹேக்கர் குழுவோடு தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இ-ஸ்கேனுக்கும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்கப்பட்டு, 2023 ஜூலை 31 அன்று ஓட்டை அடைக்கப்பட்டதாக நிறுவனம் உறுதி செய்தது.

அந்த நிறுவனமும் இதில் பாதிக்கப்பட்டதே. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட மென்பொருளுக்கே பக்கத்து டிஎல்எல் யாருடையது என்று கேட்கும் பழக்கம் இல்லாதபோது, நம் கடைக்குக் கைரேகை டிரைவர் செய்து தரும் சின்னக் கம்பெனியின் செட்டப்பிடம் எதை எதிர்பார்ப்பது?

ராணுவத்தையும் இது விடவில்லை. இந்தியப் பாதுகாப்புப் படையினரைக் குறிவைத்த ‘சைட்காப்பி’ தாக்குதலை புனேயின் குவிக் ஹீல் நிறுவனத்தைச் சேர்ந்த செக்ரைட் 2020 செப்டம்பரில் வெளிப்படுத்தியது. விண்டோஸோடு வரும் ஓர் அசல் கோப்பையே வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, பக்கத்தில் டியூசர்.டிஎல்எல் என்ற போலியை வைத்து ஓட்டினார்கள். அசல் கோப்பு மைக்ரோசாஃப்டுடையது, யார் சந்தேகப்படுவார்கள்?

நம் கையாலேயே வைக்கும் போலி

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். டிசைன் கடைகளில் பல ஆண்டுகளாக நடப்பது இது. விலை கொடுத்து வாங்க முடியாத மென்பொருளுக்கு ‘கிராக்’ தேடுகிறோம். கிராக் ஃபோல்டரோடு வரும் குறிப்பில் என்ன எழுதியிருக்கும்? ஆன்டிவைரஸை நிறுத்து, இந்த டிஎல்எல்லை எடுத்து மென்பொருள் இருக்கும் ஃபோல்டரில் ஒட்டு, ‘பழையதை மாற்றலாமா?’ என்று கேட்டால் ‘யெஸ்’ கொடு.

தாக்குதல்காரன் எவ்வளவோ பாடுபட்டுச் செய்ய வேண்டிய வேலையை, காவலையும் விலக்கி வைத்துவிட்டு, நம் கையாலேயே செய்து கொடுக்கிறோம். அந்த டிஎல்எல் உரிமச் சோதனையை மட்டும்தான் மாற்றுகிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. எழுதியவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

பட்டு ஊரில் இதன் விலை அதிகம். ஒரு காலத்தில் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போட்டார்கள். இன்று டிசைனைக் கணினியில் வரைகிறார்கள். அங்கிருந்தே அட்டைக்கோ மின்னணு ஜக்கார்டுக்கோ போகிறது. வருகிற முகூர்த்தத்துக்கு ஒரு முதலாளி புதிதாகப் போட்ட டிசைன் முழுக்க அந்தக் கணினியில். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கு. அதிலேயே டிஜிட்டல் கையொப்ப டோக்கன் நாள் முழுக்கச் செருகியபடி நிற்கிறது. கட்டணம் இல்லாமல் சட்டப்படி கிடைக்கும் இன்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றால் கணிசமான வேலையை முடித்துவிடலாம். முடியாததற்கு மாதச் சந்தாவைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதுதான் வழி. கிராக் போட்ட கணினியில் வாடிக்கையாளரின் ஆதாரையும் பான் கார்டையும் திறக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

காலி ஃபோல்டர்

தடுக்கும் வழி இவ்வளவு பயமுறுத்தலுக்கும் பிறகு ஏமாற்றம் தரும் அளவுக்கு எளிது. எந்தச் செட்டப்பையும் டவுன்லோட்ஸில் வைத்து ஓட்டாதீர்கள். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். செட்டப் கோப்பை மட்டும் அதற்குள் நகர்த்துங்கள். வேறு எதுவும் இல்லை என்று ஒருமுறை பாருங்கள். மறைந்திருக்கும் கோப்புகளையும் பெயரின் பின்னொட்டையும் காட்டும்படி எக்ஸ்புளோரரில் மாற்றி வைத்துவிட்டால் கண்ணுக்குத் தப்பாது. அங்கிருந்து ஓட்டி, முடிந்ததும் அந்த ஃபோல்டரையே அழித்துவிடுங்கள். அரை நிமிட வேலை. ஜப்பானில் அரசுத் துறைகள் விநியோகித்த செட்டப் கோப்புகளிலேயே இந்தப் பிழை வரிசையாகச் சிக்கியது. 2017-இல் வரித் துறையின் இ-டாக்ஸ் முன்னேற்பாட்டுச் செட்டப்பும் அதில் ஒன்று. அங்கே பாதுகாப்பு அறிவிப்புகளில் மக்களுக்குச் சொன்ன வழியும் இதுதான்: புது ஃபோல்டர், செட்டப் மட்டும்.

ஜிப்பில் வந்தால் எச்சரிக்கை இரட்டிப்பு. ஜிப்பைப் பிரிக்கும்போது அதில் உள்ள அத்தனையும் ஒரே ஃபோல்டரில் விழும். செட்டப்போடு ஒரு டிஎல்எல்லும் சேர்ந்து வந்திருக்கலாம். அப்போது ஃபோல்டர் புதிது, உள்ளே இருப்பது பழைய வம்பு. வாட்ஸ்அப்பில், பென்டிரைவில், அடுத்த கடைக்காரரிடமிருந்து வந்த செட்டப் வேண்டவே வேண்டாம். செய்த கம்பெனியின் தளத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குவதே முறை.

வாய்ப்பிருக்கும் இடத்தில் எம்எஸ்ஐ வகைச் செட்டப்பைத் தேர்ந்தெடுங்கள். அதை ஓட்டுவது சிஸ்டம்32-க்குள் இருக்கும் விண்டோஸின் சொந்த நிறுவி. அதனால் ‘சொந்த ஃபோல்டர்’ என்று அது முதலில் தேடுவதும் சிஸ்டம்32-ஐத்தான். திண்ணையில் இருப்பவனைக் கூப்பிடாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைப்பதை அங்கிருந்தே எடுக்கலாம். அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. அப்போது வெறும் ‘யெஸ்’ போதாது, நிர்வாகியின் கடவுச்சொல்லும் வேண்டும். வாடிக்கையாளர் கோப்புகள் இறங்க ஒரு ஃபோல்டர், கடைக்கு வேண்டியது இறங்க வேறொன்று என்று பிரித்து, முதலாவதை மாலையில் கடை சாத்தும்போது காலி செய்யலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்கிறவர்கள் பொறுப்பு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கடைக்காரரின் குற்றமல்ல. செட்டப்பை எழுதுகிறவர், ‘துணைக் கோப்பை சிஸ்டம்32-இல் மட்டும் தேடு’ என்று தொடக்கத்திலேயே விண்டோஸுக்குச் சொல்லிவிட முடியும். அதற்கான வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-இலேயே கொடுத்துவிட்டது. செட்டப் கட்டும் கருவிகளின் புதிய பதிப்புகளிலும் திருத்தங்கள் வந்துவிட்டன. பழைய கருவியில் கட்டிய செட்டப்பைப் புதிய கருவியில் மறுபடி கட்டி ஏற்றினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் பத்து வருடப் பழைய செட்டப்பைத் தளத்தில் தொங்கவிட்டிருப்பது அலட்சியம்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. வரி, பத்திரப்பதிவு, கைரேகை, டிஜிட்டல் கையொப்பம் என்று எல்லாவற்றுக்கும் ‘இந்த மென்பொருளை இறக்கி நிறுவு’ என்று மக்களுக்குச் சொல்வது அரசுத் துறைகள். சொல்கிறவர்கள் அந்தச் செட்டப்பைச் சோதித்துவிட்டுத் தர வேண்டும். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் நச்சு மென்பொருள் நுழைந்தது; முதல் நாள் மறுத்துவிட்டு, அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது வேறு உத்தி. ஆனால் பெரிய இடத்துக்குள் நுழைய ஒரு சாதாரண அலுவலகக் கணினி போதும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டிய நிகழ்ச்சி அது. ஓட்டை தெரிந்தால் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே நச்சு இருக்கிறதா என்று பார்க்க, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகளைத் தருகிறது.

வாலாஜாபாத்தில் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு கடை சாத்துவதற்கு முன் டவுன்லோட்ஸைத் திறந்து, கோப்பு வகைப்படி அடுக்குங்கள். டிஎல்எல் என்று முடியும் கோப்பு அங்கே ஒன்றுகூட இருக்க வேண்டிய காரணமில்லை. இருந்தால் அதைத் தட்டிப் பார்க்காமல் அழித்துவிட்டு, முழுக் கணினியையும் ஆன்டிவைரஸால் சோதியுங்கள். பழைய செட்டப்புகள் அனைத்தையும் நீக்குங்கள். நாளைக் காலை முதல் செட்டப்பைக் காலி ஃபோல்டரில் வைத்து ஓட்டுங்கள்.